கற்பூரம் சுடவில்லை

நவம்பர் 12, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது நான் கமிஷன் கடையில் ஏலக்காய் மூட்டைகளின் எடையைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "யுகேந்திரன் அம்மாங்களா? கொஞ்சம் வந்துட்டுப் போங்க." முதலாளியிடம் மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

தலைமையாசிரியர் மேசையில் காகிதத்தின் மேல் ஈரமாக ஏதோ கிடந்தது. டீத்தூள் பையைச் சின்னதாகச் செய்தது போல.

"உதட்டுக்கு அடியில ஒதுக்கி வச்சுக்கிறதும்மா. புகையிலைதேன். பத்தாப்புல பாதிப் பயலுக இதை வச்சுக்கிட்டுத்தேன் பாடம் கேக்குறானுக."

யுகா ஜன்னல் பக்கம் நின்றிருந்தான். "ஒரு தடவைதாம்மா" என்றான்.

"டி.சி. குடுக்கணும். குடுக்கல. பப்ளிக் எழுதுற பய. வீட்டுல பாத்துக்கங்க. வெளிய தெரிய வேணாம்."

நன்றி சார் என்றேன். வெளியே வந்ததும், இது மட்டும்தானே என்றுதான் முதலில் தோன்றியது. சிகரெட் இல்லை. கஞ்சா இல்லை. இது மட்டும்தான்.

அவன் சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். கடையிலிருந்து நான் கொண்டுவரும் உடைசல்தான். வாய் மணக்க மணக்கப் பேசுவான். போடியில் பிறந்த பிள்ளை அப்படித்தானே இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இன்று உடைசல் டப்பாவை எடுத்துப் பரணில் போட்டேன்.

மாவு ஆட்டினேன். சின்னவள் மகிழிக்கு நாளை ஒன்றாம் வகுப்பில் திருக்குறள் ஒப்பிக்க வேண்டும். இரண்டு குறள் வருகிறது, மூன்றாவது வரவில்லை.

நவம்பர் 13, வியாழன்

எஸ்டேட்டில் சிக்னல் கிடைத்து யுகாவின் அப்பா பேசினார். முதலில் கத்தினார். பிறகு குரலை இறக்கினார்.

"மாலை போட்டு விட்ருவோம். நானும் போடப் போறேன்ல. எங்கூட வரட்டும்."

"மாலை போட்டா விட்ருவானா?"

"நான் விடல?"

வருடா வருடம் கார்த்திகையில் விடுவார். மலைக்குப் போய் வருகிற வரை ஒரு சொட்டுத் தொட மாட்டார். அந்தச் சமயத்தில் வீடு வீடாக இருக்கும். தை பிறந்ததும் மறுபடி. இதை நான் சொல்லவில்லை. மாலை போட்டிருக்கும் நாள்கள் போதும் என்று இருந்து பழகிவிட்டது.

யுகாவிடம் சொன்னபோது உடனே சரி என்றான். அடம் பிடிப்பான் என்று நினைத்திருந்தேன். "ஜீவாவும் போடுறாம்மா. அவங்கம்மா சொல்லிருச்சு" என்றான். ஜீவா அவன் வகுப்புதான். அவனையும் நேற்றுத் தலைமையாசிரியர் கூப்பிட்டாரா என்று கேட்டேன். தெரியாது என்றான்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. விடியும் முன்பே கோயில். வாடைக்காற்றில் பிள்ளை கறுப்பு வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றான். குருசாமி சோலைராஜ், கடைவீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறவர், துளசி மாலையை அவன் கழுத்தில் போட்டார்.

"இன்னிலேருந்து இவர் உங்க பையன் இல்லம்மா. சாமி. பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. திட்டக் கூடாது. சாமி தட்டு தனி, பாய் தனி, பை தனி. அதை நீங்க தொடாதீங்க."

"சரிங்க சாமி."

"கால்ல விழுந்து கும்பிட்டுக்கங்க."

விழுந்தேன். கால் விரல்கள் ஜில்லென்று இருந்தன. பிரசவமானபோது எண்ணிப் பார்த்த விரல்கள்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது. கல்லூரியில் இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்திருந்தது. மூன்றாம் வருடத்தை இவனைத் தூளியில் போட்டுவிட்டுப் படித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகிழி கேட்டாள், "அண்ணே சாமி, ஹோம் ஒர்க் பண்ணித் தருவீங்களா?" எல்லோரும் சிரித்தோம். அவனும்தான்.

இன்று மனசு லேசாக இருக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான். சாயங்காலமும். கண் சிவந்திருக்கிறது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல.

நவம்பர் 26, புதன்

பஜனைக்குப் போய்விட்டு எட்டு மணிக்கு மேல்தான் வருகிறான். ஜீவா வந்து வாசலில் "சாமி சரணம்" என்பான், இவன் கிளம்பிவிடுவான். பஜனைக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்க முடியாது.

ஒருவேளைதான் சாப்பிடுகிறான். பேண்ட் இடுப்பில் நிற்காமல் பள்ளிக்கூடத்துக்குக் கயிறு கட்டிப் போகிறான். விரதம்.

கையையும் கழுத்தையும் சொறிந்துகொண்டே இருக்கிறான். துளசிமணி உறுத்துகிறது என்றான். தேங்காய் எண்ணெய் எடுத்து வைத்தேன். தொட்டுத் தடவ முடியாது, கிண்ணத்தில் வைத்துத் தள்ளி விட்டேன்.

புகையிலையை விட்டுவிட்டான். அது நிச்சயம். வாயில் விபூதி வாசம்தான் வருகிறது.

டிசம்பர் 1, திங்கள்

நான் தூரம். மாலை போட்ட வீட்டில் இருக்கக் கூடாது. மகிழியை வளர்மதி வீட்டில் விட்டேன். வளர்மதி ஜீவாவின் அம்மா, இரண்டு தெரு தள்ளி. யுகாவுக்குக் குருசாமி வீட்டில் சாப்பாடு. நான் தேனிக்கு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். கடைக்கு லீவு.

அக்கா சுண்டல் வேகவைத்தாள். டி.வி. பார்த்தோம்.

டிசம்பர் 2, செவ்வாய்

யுகாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சாமி பூஜையில் இருப்பான்.

டிசம்பர் 4, வியாழன்

தலைக்குக் குளித்துவிட்டு மதியம் வீடு வந்தேன். நேற்றுக் கார்த்திகை தீபம். வாசலில் ஒரு விளக்குக்கூட வைத்த அடையாளம் இல்லை. வீடு கிடந்த கிடப்பைச் சொல்ல முடியாது. கொல்லைச் சாக்கடை ஓரத்தில் யாரோ வாந்தி எடுத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பூனையாக இருக்கும்.

பெருக்கும்போது மாத்திரை அட்டையிலிருந்து கிழிந்த வெள்ளித் தாள் துண்டுகள் வந்தன. அவருக்கு முதுகுவலிக்கு வாங்கியது. அவர் போன வாரம் வரவில்லை என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்தின வாரமாக இருக்கும். நான் ஒழுங்காகப் பெருக்குவதில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

மகிழி சொல்கிறாள்: "அண்ணே சாமி தூங்கிக்கிட்டே சாப்புடுறாரும்மா."

டிசம்பர் 11, வியாழன்

அருகில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அரையாண்டு வருகிறது. முக்கோணவியல். எனக்குப் பிடித்த பாடம். அவன் நிமிர்ந்து பார்த்தபோது விளக்கு வெளிச்சத்தில் கண்மணி கடுகு மாதிரி இருந்தது. அவ்வளவு சின்னது. என்னைப் பார்க்கிற மாதிரியே இல்லை, எனக்குப் பின்னால் சுவரைப் பார்க்கிற மாதிரி.

"சாமிக்குத் தூக்கம் வருதா?"

"ம்."

புத்தகத்தை மூடினேன். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கத்தான் செய்யும்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று நம் வீட்டுப் பூஜை. அவர் நேற்றே எஸ்டேட்டிலிருந்து வந்துவிட்டார். கறுப்பு வேட்டியும் தாடியுமாக அவரைப் பார்க்க நன்றாக இருந்தது. காலையிலிருந்து அடுப்படியில் நின்றேன். எலுமிச்சை சாதம், சுண்டல், கேசரி. தெருவே வந்திருந்தது. கூடத்தில் உட்கார இடமில்லாமல் பெண்கள் படியில் நின்றார்கள். குருசாமி பாடப் பாட எல்லோரும் சரணம் சொன்னார்கள். ஜால்ரா காதை அடைத்தது.

கடைசியில் தீபாராதனைத் தட்டைக் குருசாமி யுகாவிடம் கொடுத்தார். கன்னிச்சாமி காட்டட்டும் என்றார். அவன் வலது கையால் சுற்றினான். தட்டுச் சாய்ந்தது. எரிந்துகொண்டிருந்த கற்பூரக் கட்டி உருண்டு, கீழே ஏந்தியிருந்த அவன் இடது உள்ளங்கையில் விழுந்தது.

அவன் உதறவில்லை.

உள்ளங்கையில் அது எரிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். லேசாகச் சிரித்த மாதிரிகூட இருந்தது. ஜால்ரா நின்றுவிட்டது. குருசாமி கையைத் தட்டிவிடப் போனார். அதற்குள் யாரோ "சாமியே!" என்று அலறினார்கள். அவ்வளவுதான். "சரணம் ஐயப்பா" என்று வீடே அதிர்ந்தது. எதிர்வீட்டு அக்கா சடாரென்று அவன் காலில் விழுந்தாள். பிறகு வளர்மதி. பிறகு ஒவ்வொருவராக. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். மகன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அருள் வந்துருச்சும்மா உம்புள்ளைக்கு. குடுத்து வச்சவ நீ" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

நானும் விழுந்தேன். தலையைத் தரையில் வைத்தபோது தோல் கருகின வாடை வந்தது. கேசரி அடிப்பிடித்துவிட்டதோ என்று ஒரு நொடி நினைத்தேன்.

எல்லோரும் போனபின் மருந்து போட்டேன். தொடக் கூடாதுதான். தொட்டேன். கொப்புளம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிது.

"வலிக்குதா சாமி?"

"இல்லம்மா."

கொஞ்சம் அழுத்தினேன். வேண்டுமென்றேதான்.

"இப்ப?"

"இல்லம்மா." கொட்டாவி விட்டான்.

டிசம்பர் 15, திங்கள்

எதிர்வீட்டு அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை ராத்திரி வீறிட்டு அழுகிறதாம், சாமி கையால் விபூதி வேண்டுமாம். யுகா பரீட்சைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கட்டுப் போட்ட கையை மடக்கிக்கொண்டு மற்றக் கையால் குழந்தை நெற்றியில் பூசிவிட்டான்.

"சாமி, மலைக்குப் போயிட்டு வந்து எங்களை மறந்துராதீங்க" என்று அவள் கேலி பேசினாள்.

கடையிலும் தெரிந்திருக்கிறது. முதலாளி எழுந்து நின்று என்னிடம் பேசினார்.

டிசம்பர் 18, வியாழன்

மகிழிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். சிக்கெடுக்கும்போது வலிக்கிறது என்று கத்தினாள். இப்படிக் கத்தலாமா என்றேன்.

"அண்ணே சாமிக்குத்தேன் வலிக்காது. ஜீவா சாமிக்கும் வலிக்காது. பின்னால குத்துவாங்க ரெண்டு பேரும்."

"என்ன பின்?"

"ஊக்கு. யாருக்கு வலிக்குதோ அவங்க அவுட்டு. யாருமே அவுட் ஆகல."

"எப்ப பாத்த?"

"நீ பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப. வளர்மதி அத்தை வீட்டு மொட்டை மாடில. முதல்ல மாத்திர போட்டுக்கிட்டாங்க. நானும் கேட்டேன். பாப்பாவுக்கு இல்லன்னு அண்ணே சாமி சொல்லிட்டாரு."

மற்றப் பக்கத்தையும் பின்னி ரிப்பன் கட்டினேன். வேன் வந்தது. ஏற்றிவிட்டேன். கடைக்குப் போனேன். இரண்டு லாட்டுக்கு எடையை மாற்றிப் போட்டுவிட்டேன். திருத்தினேன்.

டிசம்பர் 19, வெள்ளி

அவரிடம் போனில் சொன்னேன். மகிழி சொன்னது, வெள்ளித் தாள், கண், எல்லாம்.

"சின்னப் புள்ள என்னத்தையாச்சும் சொல்லும். நெருப்பு கையில நின்னத நீ பாத்தேல்ல?"

"அதனாலதான் சொல்றேன். நெருப்பு சுடலைன்னா உடம்புல என்ன இருக்கு?"

"வாயக் கழுவு. சாமி குத்தம் ஆயிரும்."

"டாக்டர்கிட்ட..."

"மலைக்குப் போயிட்டு வரட்டும் சுகந்தி. ஏழெட்டு நாளு. ஊரே காலுல விழுந்துருக்கு. இப்பப் போயி ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு... நான் தலைகாட்ட வேணாமா? வந்து பாத்துக்குவோம்."

சரி என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

குமுளி வழியாக மலைக்குப் போகிற வண்டிகள் தேனி ரோட்டில் விட்டு விட்டு வருகின்றன. தேங்காய் வாங்கினேன். நெய் உருக்கினேன்.

யுகா குளிக்கப் போனபோது அவன் பையின் ஜிப்பைப் பிடித்தேன். சாமி பை. விட்டுவிட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

இன்று கடைசிப் பரீட்சை. காலையில் எழுப்ப முடியவில்லை. அறைக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். பிறகு உள்ளே போனேன். உலுக்கினேன். உதடு நீலமாக இருந்தது. மூச்சு வந்தது, பிறகு வெகுநேரம் வரவில்லை, பிறகு வந்தது. சொம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றினேன்.

எழுந்தான். பரீட்சைக்குப் போனான்.

டிசம்பர் 25, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுத இடமில்லை.

கட்டு நிறை நேற்றுச் சாயங்காலம் கோயில் மண்டபத்தில். பதினைந்து இருபது சாமிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் இருமுடிப் பை. தேங்காயில் நெய் ஊற்றி அடைத்தார்கள். பிறகு வீட்டுப் பெண்கள் வந்து அரிசி போட வேண்டும். அரிசி போட்டால் கட்டி முடிந்து தலையில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏற வேண்டும்.

"யுகேந்திரன் சாமியோட மாதா வாங்கம்மா" என்றார் குருசாமி.

போனேன். கை நிறைய அரிசியை எடுத்தேன். யுகா கண்ணை மூடியிருந்தான். தலை மெல்லச் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

"போடுங்கம்மா. மூணு கை."

"மாலையைக் கழட்டிருங்க சாமி."

குருசாமிக்குக் கேட்கவில்லை. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை சொன்னேன்.

"என்னம்மா பேசுறீங்க? மலைக்குப் போகாம மாலையக் கழட்டுறதுன்னா வீட்டுல துக்கம் விழுந்துருக்கணும். யாருக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் ஆகல சாமி. ஆகறதுக்கு முன்னாடி கழட்டிருங்க."

மேளம் நின்றது. யார் நிறுத்தச் சொன்னது என்று தெரியவில்லை.

"சுகந்தி!" என்று யுகாவின் அப்பா வரிசையிலிருந்து எழுந்து வந்தார். கையை ஓங்கிவிட்டார். அவர் கழுத்திலும் மாலை. சாமி கை ஓங்கக் கூடாது. ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலைக்கு மேலே கும்பிடாக்கினார். "சாமி சரணம்" என்றார்.

யுகா கண்ணைத் திறந்தான். "அம்மா, பேசாம போடும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"மாத்திரை போடுறான் சாமி" என்றேன். எனக்குள் ஒன்றும் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிற மாதிரி இருந்தது. "வலி மாத்திரை. நிறையப் போடுறான். அன்னிக்கு நெருப்பு சுடாததுக்கு அதுதான் காரணம். நேத்துக் காலைல மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. பஸ்ஸுல தூங்குறான்னு நெனச்சு நீங்க யாரும் எழுப்ப மாட்டீங்க."

குருசாமி யுகாவின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையைப் பிடித்தார்.

"யுகேந்திரா. அம்மா சொல்றது நெசமா?"

ஒரு மாதத்துக்கு மேலாயிற்று யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு. அவன் தரையைப் பார்த்தான். மூக்கிலிருந்து ஒழுகியது, துடைக்கவில்லை.

குருசாமி மாலையைக் கழற்றினார். அதை ஐயப்பன் படத்தில் மாட்டினார். "அடுத்த சாமி" என்றார்.

அடுத்தது ஜீவா. வளர்மதி அரிசித் தட்டோடு எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. யுகாவைத் தோளில் தாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கையில் அரிசி இன்னும் இருந்தது. ஆட்டோவில் கொட்டியது.

இங்கே அரசு மருத்துவமனையில் போதை மீட்பு வார்டு தனியாக இருக்கிறது. நேற்று இரவே சேர்த்துவிட்டார்கள். அவர் மலைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 26, வெள்ளி

என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். காலை உதைத்துக்கொள்கிறான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான். "நாலஞ்சு நாளைக்கு இப்படித்தாம்மா பேசுவாங்க. காதுல வாங்காதீங்க, சாப்புட்டீங்களா?" என்றாள் நர்ஸ்.

கேன்டீனில் இட்லி சாப்பிட்டேன். சட்னி ருசியாக இருந்தது.

டிசம்பர் 27, சனி

அவர் மலையிலிருந்து நேராக இங்கே வந்தார். தாடியை எடுக்கவில்லை. யுகாவின் கால் பக்கம் நின்றார். பிறகு வெளியே போய் இளநீர் வாங்கி வந்தார். யுகா இரண்டு வாய் குடித்தான். வாந்தி எடுத்தான். அவர் வாளி எடுத்து வந்து கழுவினார்.

மகிழி அக்கா வீட்டில்.

டிசம்பர் 28, ஞாயிறு

யுகா தூங்கும்போது மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீராக வருகிறது.

சாயங்காலம் வளர்மதி போன் செய்தாள். அழைப்பு நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"எப்படிக்கா இருக்கான் பய? எனக்கு மனசே கேக்கல. அன்னிக்கு மண்டபத்துல அம்புட்டுப் பேரு முன்னாடி... உங்களுக்கு என்ன தைரியம்க்கா."

"இருக்கான்."

"பிரசாதம் எடுத்து வச்சிருக்கேன். அரவணை. ஜீவாதான் வாங்கிட்டு வந்தான். யுகாவுக்குன்னு தனியா ஒரு டின்னு."

"ஜீவா எங்க?"

"அவன் எங்க எந்திரிச்சான்! நேத்து மதியம் வந்து படுத்தவன். மலை ஏறின அசதிக்கா. பாவம், விரதம் இருந்த உடம்பு. தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

வார்டில் யாரோ கரண்டியால் தட்டைத் தட்டினார்கள். பால் வண்டி வந்திருக்கும்.

"வளர்மதி, போய் அவனை எழுப்பு."

"ஏன்க்கா?"

"எழுப்பு. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் நடந்து போவது கேட்டது. கதவு கிறீச்சிட்டது. "சாமி... மாலையத்தேன் கழட்டியாச்சுல்ல... டேய் ஜீவா. ஜீவா. ஏய், ஜீவா!" போன் எங்கோ விழுந்தது. உலுக்குகிற சத்தம். கட்டில் கால் தரையில் உரசியது. யுகா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். யாரும்மா என்றான். நான் கையைக் காட்டி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு முனகல். பிறகு கனத்த நாக்கோடு ஏதோ திட்டு.

வளர்மதி போனை எடுத்தாள். மூச்சுதான் கேட்டது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னவென்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"தண்ணி ஊத்தி உக்கார வை. ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வா. வழில தூங்க விடாத" என்றேன். "இங்க பக்கத்துக் கட்டில் காலியாத்தான் இருக்கு."